காட்டுக்கோழி வேட்டைக்கு எந்த மாதம் அனுமதி?

“தோட்டத்துக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது. காட்டுக்கோழி சுட எந்த மாதம் அனுமதி?” சேர்வராயன் மலைக் கிராமங்களில் இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. எந்த மாதமும் இல்லை என்பதுதான் பதில்.

ஒரு காலத்தில் அனுமதி இருந்தது உண்மை. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறு வேட்டை, பெரு வேட்டை என உரிமங்களுக்கு இடம் இருந்தது. 1991-ல் வந்த திருத்தம் அவற்றை நீக்கிவிட்டது. பெரியவர்கள் சொல்லும் ‘சீசன்’ அந்தப் பழைய கணக்கு. துப்பாக்கி லைசென்ஸ் ஆயுதச் சட்டப்படி தரப்படுவது. அது வேட்டை உரிமம் ஆகாது.

துப்பாக்கியே தொடாதவர்களும் மாட்டிக்கொள்வது இன்னொரு விஷயத்தில். கண்ணி வைப்பது, வலை விரிப்பது, விஷம் கலந்த தானியம் தூவுவது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முட்டையை எடுப்பதும் அப்படியே. காட்டுக்கோழி தரையில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டையிடும். பெரும்பாலும் பிப்ரவரி முதல் மே வரை. காபித் தோட்டத்தில் களை வெட்டும்போது கண்ணில் படும். அதைக் கொண்டுவந்து வீட்டுக்கோழியில் அடைவைக்கும் பழக்கம் வேண்டாம். கூட்டைச் சுற்றிச் சிறிது புதரை வெட்டாமல் விட்டால் போதும், மூன்று வாரத்தில் குஞ்சு பொரித்துப் போய்விடும். கறையானையும் பூச்சிகளையும் தின்னும் பறவை. தோட்டத்துக்கு விரோதி இல்லை.

2022 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மயில் முதல் அட்டவணையில் இருப்பதால் தண்டனை 3 ஆண்டில்தான் தொடங்குகிறது. 7 ஆண்டு வரை போகும். வேட்டைக்குப் பயன்படுத்திய வண்டியும் பறிமுதலாகும்.

அடிவாரத்தில் நிலக்கடலையையும் நாற்றையும் கிளறும் மயிலால் வரும் கோபம் நியாயமானதுதான். ஆனால் ஒரு பிடி விஷ அரிசி குடும்பத்தையே கோர்ட் வாசலில் நிறுத்திவிடும். வன விலங்குகளால் பயிர் சேதமானால் அன்றே போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுக்க வேண்டும். வயலை உழுத பிறகு போனால் காட்ட ஒன்றும் இருக்காது.

கறிக்காகத்தான் ஆசை என்றால் பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடை இருக்கிறது. ஐந்து வாரத்தில் விற்பனைக்குத் தயார். புதர்க்காட்டில் ஓடும் காடைக்கும் கௌதாரிக்கும் மேலே சொன்ன தடைதான். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், பண்ணையில் குஞ்சு வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.