ஸ்டியரிங் ரேக் மாத்தினா 17-ம் 18-ம் ஒண்ணா?

திருப்பூர்ல நிட்டிங் ஓட்டுறவங்களுக்குத் தெரியும், லூப் லெங்த் 2.9 மில்லிமீட்டர் 3.0 ஆனாலே துணியோட ஜிஎஸ்எம் இறங்கிடும். அதே கண்ணோட பார்த்தா, 17:1 ரேஷியோ ஸ்டியரிங் ரேக்குக்குப் பதிலா 18:1 போடப் பயமாத்தான் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று திருப்பினால் முன்சக்கரம் சுமார் 21.2 டிகிரிக்குப் பதில் 20 டிகிரி திரும்பும். அந்தக் குறையை ஓட்டுறவர் கை தானாவே சரிக்கட்டிடும். நிட்டிங் மெஷின்ல அப்படி நொடிக்கு நொடி திருத்த ஆள் இல்லை.

ரேஷியோவைவிட முக்கியம், ரேக் இருபக்கமும் நகரும் தூரம். அது கூடினால் முழுசா ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசலாம். டை ராடு மரையும் பொருந்தணும். மாத்தினதும் அலைன்மென்ட் கட்டாயம்.

இஎஸ்பி உள்ள வண்டின்னா கதை வேற. அதோட கம்ப்யூட்டர் பழைய ரேஷியோவை வச்சுத்தான் கணக்குப் போடும். அங்கே 17-ம் 18-ம் ஒண்ணில்லை.