கலைக்காமல் காணும் வித்தை

நுண்ணுலகச் சிற்பிகள் – 9

சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் மின்சார ரயிலை விட்டிறங்கி, பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்கச் செல்லும் பக்தர்கள், மூர்த்தி குன்றின் பாறையிலேயே குடைந்தெடுக்கப்பட்டவராகையால் அவரை வலம் வருவதற்குக் குன்றையே சுற்றி வருகிறார்கள். அர்ச்சகர் திருமண்காப்பைச் சற்றே விலக்கித் தீபத்தை உயர்த்துகையில், நெற்றியிலுள்ள மூன்றாவது கண்ணையும் தரிசிக்கிறார்கள். தீபவொளி பட்டதனால் அந்தக் கல்லுக்கு யாதொரு மாறுதலும் நேர்வதில்லை. ஆனால், ஒளி பட்ட மாத்திரத்திலேயே தன் நிலையை இழந்துவிடும் ஒரு வஸ்துவைக் காண்பது எங்ஙனம்? இக்கேள்வியோடு இருபது ஆண்டுகளாக மல்லாடி வரும் விஞ்ஞானி ஆர். விஜயராகவனின் உழைப்பே இவ்வாரத்து விஷயம்.

அந்த வஸ்துவின் பெயர் க்யூபிட்; குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு அதுவே. சிலிக்கன் வில்லையின்மீது பாலிமர் பூசி, அதில் எலெக்ட்ரான் கற்றையால் வடிவத்தை எழுதி, எழுதிய இடத்தைக் கரைத்து நீக்கி, வெற்றிடத்தில் ஒரு சாய்வில் அலுமினியத்தைப் படியவிட்டு, அளந்த பிராணவாயுவை உட்செலுத்தி, மறு சாய்வில் இன்னொரு முறை அலுமினியத்தைப் படியவிட்டால், இரு உலோகப் படலங்களுக்கு நடுவே ஓரிரு நானோமீட்டர் கனமுள்ள ஆக்ஸைடு தங்குகிறது. இதுவே ஜோசப்ஸன் சந்தி; விஜயராகவன் ஆராயும் வகைக் க்யூபிட்டின் உயிர்நிலை இதுதான். ஆக்ஸைடின் கனம் இம்மியளவு பிசகினாலும் சந்தியின் குணம் பன்மடங்கு மாறிவிடுமாதலால், இந்தத் தொழிலில் சூத்திரங்களை அறிந்திருப்பது மட்டும் போதாது. கையும் பழகியிருக்க வேண்டும்.

இவ்விதம் சிருஷ்டித்த க்யூபிட்டை, தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஒரு பாகையின் நூற்றிலொரு பங்கு அளவுக்குக் குளிர்வித்தாலும், அது தரும் சமிக்ஞை மிகமிக மெல்லியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், 2025-ல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் ஒருவரான மிஷெல் டெவோரேயிடம் மாணவராயிருந்த விஜயராகவன், இர்ஃபான் சித்திக்கி முதலியோருடன் சேர்ந்து, இந்தச் சமிக்ஞையைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பெருக்கியை 2004-ல் உருவாக்கினார். காணப்படும் பொருளைப் போலவே, காணும் கண்ணையும் ஜோசப்ஸன் சந்தியைக் கொண்டே அமைத்தது அதன் சிறப்பு. இரண்டு விதமாக அதிரக்கூடிய நிலையின் விளிம்பில் அதை நிறுத்தி வைத்தால், சமமாக நிற்கும் தராசு ஒரு குன்றிமணிக்குச் சாய்வதுபோல, க்யூபிட்டின் சொற்ப வேறுபாட்டுக்கும் ஒரு பக்கம் சாய்ந்து விடை சொல்லும். பின்னர் பெர்க்லியில் சித்திக்கியும் விஜயராகவனும் அடங்கிய குழுவினர், க்யூபிட் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதை 2011-ல் நேரிலே கண்டார்கள். 2012-ல், காண்பதைக் கொண்டே அதன் அசைவைக் கட்டுப்படுத்தியும் காட்டினார்கள்.

அதன் பின் விஜயராகவன் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, தமக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். அங்கே வடிவமைத்து அங்கேயே செய்யப்பட்ட ஆறு க்யூபிட் கொண்ட செயலி, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் டி.சி.எஸ். நிறுவனமும் உடன் உழைக்க, 2024 ஆகஸ்டில் முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டது. அயல்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட க்யூபிட் கொண்ட சில்லுகள் உண்டென்பது மெய்யே. எனினும், விலைக்கு வாங்கிய ஆயிரத்தைவிட நாமே செய்து, பிழை கண்டு, திருத்திச் செய்த ஆறு பெரிதென்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மத்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது; அதில் குவாண்டம் தகவல்தொடர்பு மையம் நம் சென்னை ஐ.ஐ.டி.க்கே கிடைத்திருக்கிறது. யந்திரங்களைப் பணத்தால் வாங்கிவிடலாம். அவற்றின் முன்னே நூறு சில்லுகளைக் கெடுத்து நூற்றொன்றாவதைச் செவ்வையாகச் செய்யும் பொறுமையை எங்கிருந்து வாங்குவது? பொத்தேரியிலும் காட்டாங்கொளத்தூரிலும் தினந்தோறும் ரயிலை விட்டிறங்கும் பொறியியல் மாணவர்களே, இந்தப் பொறுமை பல்லவர் காலத்தில் சிங்கப்பெருமாள் கோவில் குன்றைக் குடைந்த உளியிலும் இருந்தது. அது உங்கள் கைகளுக்கும் உரியது, வாங்கிக்கொள்ளுங்கள்.