கொம்பு நுனியில் ஒரு மூக்கு

மழை விட்ட இரவில் டார்ச் லைட்டோடு தோட்டத்துக்குப் போனால், பப்பாளித் தண்டில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை ஏறுவதைப் பார்க்கலாம். 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது. இன்று நம் தோட்டங்களுக்கும் தொல்லை. தலையில் நான்கு கொம்புகள். மேலே உள்ள நீளமான இரண்டின் நுனியிலும் கறுப்புப் புள்ளி. அதைக் கண் என்று படித்திருக்கிறோம். கண்தான். ஆனால் அந்தக் கொம்புக்குப் பார்ப்பதைவிட முகர்வதுதான் பெரிய வேலை.

கண்ணில் வில்லை உண்டு; காட்சியைக் கூர்மையாக்கும் தசை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். ஈரமான இருட்டு மூலையைத் தேடும் உயிருக்கு அது போதும். காது கிடையாது. தலைக்குள் இருக்கும் நுண்ணிய பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் உருண்டு, மேல் எது கீழ் எது என்று சொல்லிவிடும்.

மணம்தான் அதன் உலகம். கண்ணை ஒட்டியே, கொம்பு நுனித் தோலில் மணம் அறியும் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. கொம்பை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டும்போது அது காற்றைத் துழாவுகிறது. தரை நத்தைகளின் மூளையில் உள்ள நரம்புச் செல்களில் பாதிக்கும் மேல் மணத்தை ஆராயும் பகுதியில்தான் இருக்கின்றன. இவ்வளவு சின்ன மூளை, அதில் இவ்வளவு பெரிய பங்கை மூக்குக்குக் கொடுத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள் (வெறுங்கை வேண்டாம், நோய்ப்புழு இருக்கலாம்). சட்டைக்கையை உள்பக்கமாக இழுத்ததுபோல் கொம்பு சுருண்டு மறையும். அறுபட்டாலும் கண்ணோடு சேர்ந்து மீண்டும் முளைக்கும்.

கீழே உள்ள குட்டைக் கொம்புகள் தரையைத் தடவிக்கொண்டே வரும். சுவை, ஈரம், முன்னால் போன நத்தை விட்ட பிசுபிசுத் தடம் எல்லாம் அவற்றுக்குத் தெரியும். காலையில் சுவரில் பளபளக்கும் அந்தக் கோடு இன்னொரு நத்தைக்கு வழிகாட்டி. அதைப் பிடித்தே இணையை அடையும்.

அதே கோடு எமனுக்கும் வழி காட்டும். ஓநாய் நத்தை என்றொரு இனம் உண்டு. அதன் உணவே மற்ற நத்தைகள்தான். மீசைபோல் நீண்ட உதடுகளால் தடத்தை முகர்ந்தபடி துரத்திப் பிடிக்கும். ராட்சத நத்தையை ஒழிக்கவென்று 1955-இல் அதை ஹவாய்த் தீவுகளில் விட்டார்கள். அது அந்தத் தீவுகளுக்கே உரிய சிறிய மர நத்தைகளின் தடங்களையும் முகர்ந்து, மரமேறிப் போனது. அவற்றில் பல இனங்கள் இன்று இல்லை.