கிழக்கே கடல், தெற்கே கடல்

டில்லி ரயில் கூடூரைத் தாண்டிவிட்டால் எங்கள் வீட்டில் மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வரும் சூலூர்ப்பேட்டையை யாரும் கவனிப்பதில்லை. போன கோடையில் என் மகள் கவனித்தாள். "ஸ்ரீஹரிகோட்டா இங்கேதானே இருக்கு? ஏம்ப்பா, ராக்கெட்டை நம்ம டில்லியிலிருந்தே விடக்கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர், பஸ் போகும் திசையிலேயே நாலடி ஓடுவார் அல்லவா? பூமியும் அப்படி ஓர் ஓடும் வண்டி. மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர். ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறத்தாழ 1,620, டில்லியில் 1,470. கிழக்கு நோக்கி ஏவினால் இந்த வேகம் ராக்கெட்டுக்கு இனாமாகக் கிடைக்கிறது. டில்லியில் இனாமும் குறைவு. எரிந்து தீர்ந்த அடுக்குகள் லக்னோ பக்கம் யார் கூரையிலாவது விழும்.

1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா மேற்குக் கடற்கரையில் இருக்கிறதே என்று கேட்கலாம். அது வானத்தின் மேலடுக்கை ஆராயும் சிறு ராக்கெட். காந்தப் பூமத்திய ரேகை அருகே செல்வதால் அந்த ஊரைப் பிடித்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் மாதா கோயிலையே விஞ்ஞானிகளுக்கு விட்டுக்கொடுத்தார்கள். செயற்கைக்கோள் விடக் கிழக்குக் கரை வேண்டும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி என்றிருந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவு 1969ல் தேர்வானது. அங்கே வாழ்ந்த யானாதிகள் இடம் பெயர்ந்தார்கள்.

எல்லாச் செயற்கைக்கோளும் கிழக்கே போவதில்லை என்பதுதான் சிக்கல். பூமியைப் படமெடுப்பவை துருவத்துக்குத் துருவம் சுற்ற வேண்டும். அப்போதுதான் கீழே பூமி சுழலச் சுழல எல்லா நாடும் கண்ணில் படும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை. ஆகவே பி.எஸ்.எல்.வி. முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைச் சுற்றிக்கொண்டு பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் தாங்கும். 2023 பிப்ரவரியில் வெற்றி கண்ட எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சின்ன ராக்கெட்டுக்கோ, சுமக்கும் எடையிலேயே கணிசமான பங்கு போய்விடும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே, தசரா வேஷங்களுக்குப் பேர்போன நம் குலசேகரன்பட்டினம். இலங்கை கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. தெற்கே அண்டார்டிகா வரை கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கையகப்படுத்திய நிலம் 2,000 ஏக்கருக்கு மேல்.

எங்கள் பெட்டியில் நெல்லைக்காரர் ஒருவர் இருந்தார். "இனி நம்ம ஊரிலிருந்தே ராக்கெட்டு!" என்று அவருக்கு ஒரே பூரிப்பு. எனக்கும்தான். ஆனால் விஞ்ஞானிகளுக்குக் காலியாகத் தெரியும் கடல், மீனவனுக்குக் காலி இல்லை. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் படகை இறக்கக்கூடாது. ஏவுவது தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போகிறது. குலசையிலும் மணப்பாட்டிலும் அந்த நாட்களின் வருமானத்துக்கு என்ன வழி என்பதை, முதல் ராக்கெட் கிளம்புமுன்பே அவர்களோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட வேண்டும்.

"அப்போ தசரா அன்னிக்கு ராக்கெட் விடமாட்டாங்க இல்லியா?" என்றாள் மகள். கும்மிடிப்பூண்டி வந்துவிட்டது.