பழைய டிராக்டரில் ஹீட்டர்: பழுது நீக்குவதும் திறன் கூட்டுவதும்

மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் உழவுக்குப் புறப்படும் பழைய டிராக்டர் பல இடங்களில் உடனே கிளம்புவதில்லை. செல்ப் மோட்டார் சுற்றுகிறது. வெள்ளைப் புகை வருகிறது. என்ஜின் மட்டும் பிடிப்பதில்லை. நாலைந்து முறை முயன்ற பின் பாட்டரியும் இறங்கிவிடுகிறது. பிறகு ஆட்களைக் கூட்டித் தள்ளுவதும், சரிவில் உருட்டிவிடுவதும் வழக்கமாகிறது. நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் உறைபனி விழும் நாட்களில் காய்கறி ஏற்றும் பழைய டீசல் ஜீப்புகளுக்கும் இதே தொல்லை உண்டு. ஓசூர், தாளவாடி போன்ற உயரமான பகுதிகளிலும் இதைக் காணலாம்.

இந்தத் தொல்லைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது, செயலிழந்து கிடக்கும் ஹீட்டர். சாவியில் 'ஹீட்' என்ற நிலை இருப்பதையே சில ஓட்டுநர்கள் மறந்துவிட்டனர். இந்தச் சிறு சாதனத்தைச் சீராக்கினால் பாட்டரியும் செல்ப் மோட்டாரும் நீடித்து உழைக்கும். அதைவிட முக்கியமாக, ஆபத்தான குறுக்கு வழிகளை நாட வேண்டிய தேவை இராது.

ஹீட்டர் எதற்கு?

டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப் போலத் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்றைப் பிஸ்டன் 16-இல் ஒரு பங்கு முதல் 22-இல் ஒரு பங்கு வரை சுருக்குகிறது. இதனால் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அதில் நாசில் வழியாகத் தெளிக்கப்படும் டீசல் தானாகவே தீப்பிடிக்கிறது.

குளிர்ந்த காலையில் மூன்று காரணங்களால் இந்த வெப்பம் கிடைப்பதில்லை. உள்ளே வரும் காற்று குளிர்ந்திருக்கிறது. சிலிண்டரின் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆயில் கெட்டியாக இருப்பதால் என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. மெதுவாகச் சுற்றும்போது சுருக்கப்பட்ட காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்துவிடுகிறது. வளையம் தேய்ந்த பழைய என்ஜினில் இக்கசிவு இன்னும் அதிகம். எரியாத டீசலே வெள்ளைப் புகையாக வெளியேறுகிறது. குறைந்துபோன வெப்பத்தை ஈடுசெய்யவே ஹீட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது.

இரு வகை ஹீட்டர்கள்

முதல் வகை 'தெர்மோஸ்டார்ட்' எனப்படுவது. பெர்க்கின்ஸ் வடிவமைப்பைப் பின்பற்றிய பழைய மூன்று சிலிண்டர் டிராக்டர் என்ஜின்கள் பலவற்றில் இதைக் காணலாம். காற்று உள்ளே செல்லும் மேனிபோல்டில் இது திருகப்பட்டிருக்கும். மின்சாரம் பாயும்போது இதிலுள்ள கம்பிச்சுருள் செந்தணலாகிறது. அந்தச் சூட்டில் அதன் உடல் விரிவடைந்து, உள்ளிருக்கும் சிறு குண்டு வால்வு திறக்கிறது. சிறிதளவு டீசல் தணல்மேல் இறங்கித் தீப்பிடிக்க, சிலிண்டருக்குள் செல்லும் காற்று சூடாகிறது.

இரண்டாவது வகை 'ஹீட்டர் பிளக்'. பியூஜோ டீசல் என்ஜின் பொருத்திய பழைய மகேந்திரா ஜீப்புகளிலும், சில சிறிய டிராக்டர்களிலும் இவ்வகை உண்டு. இங்கு டீசல் நேராகச் சிலிண்டரில் தெளிக்கப்படாமல் பக்கத்திலுள்ள சிறு அறையில் தெளிக்கப்படுகிறது. ஒவ்வோர் அறையிலும் ஒரு பிளக் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனி 800 டிகிரிக்கு மேல் சூடாகி டீசலைப் பற்றவைக்கிறது.

முதலில் பாட்டரியைப் பாருங்கள்

ஹீட்டரைக் கழற்றுவதற்கு முன் பாட்டரியைச் சோதிக்க வேண்டும். ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் இருந்தால் அது நிறைவாகச் சார்ஜ் ஆகியுள்ளது என்று பொருள். 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறையப் பாதிதான் உள்ளது. பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சை உப்பை வெந்நீரால் கழுவித் துடைத்து, முனைகளை இறுக்கி, வாசலின் தடவ வேண்டும். என்ஜினுக்கும் சேசிசுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் கழற்றி, துருவைச் சுரண்டி மாட்ட வேண்டும். பல டிராக்டர்களில் பழுது இந்த எர்த் பட்டையோடு முடிந்துவிடுகிறது.

ஹீட்டருக்குச் செல்லும் வோல்டேஜ் சிறிது குறைந்தாலும் சூடு வெகுவாகக் குறையும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10 வோல்ட் மட்டுமே கிடைத்தால் சூடு சுமார் 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. எனவே பிளக் நன்றாக இருந்தும், நைந்த வயரால் பயனில்லாமல் போகலாம்.

தெர்மோஸ்டார்ட்டைச் சோதிக்கும் முறை

1. கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை 'ஹீட்' நிலைக்குத் திருப்புங்கள். ஹீட்டரின் மின் முனையில் டெஸ்ட் லாம்பை வைத்துப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் பழுது சாவியிலோ, வயரிலோ, பியூசிலோ உள்ளது.

2. விளக்கு எரிந்தால், ஹீட்டருக்கு வரும் மெல்லிய டீசல் குழாயைக் கழற்றுங்கள். டீசல் தாராளமாக வர வேண்டும். சிறு கிண்ணம் போன்ற தனித் தொட்டி உள்ள அமைப்பில் அது காலியாகவோ, குழாயில் காற்று அடைத்தோ இருக்கலாம். தொட்டியை நிரப்பி, காற்றை வெளியேற்றி, குழாயை மாட்டுங்கள். டீசல் இல்லாமல் ஹீட்டரை இயக்கினால் கம்பிச்சுருள் கருகிவிடும்.

3. மின்சாரமும் டீசலும் வந்தும் மேனிபோல்டு சூடாகாவிட்டால், கம்பிச்சுருள் அறுந்திருக்கும். முழு ஹீட்டரையும் மாற்ற வேண்டும்.

4. மின் இணைப்பைத் துண்டித்த நிலையிலும் ஹீட்டரிலிருந்து டீசல் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் வால்வு கெட்டுவிட்டது. இரவு முழுவதும் மேனிபோல்டில் டீசல் தேங்கும். காலையில் கிளம்பியதும் அந்த டீசலை இழுத்துக்கொண்டு என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கவும் கூடும். இதனைத் தட்டிச் சரிசெய்ய முயலாமல் புதிதாக மாற்றுவதே நல்லது.

ஹீட்டர் சரியாக இருந்தால், சாவியை 'ஹீட்' நிலையில் 15 முதல் 20 விநாடி பிடித்து, பிறகு ஸ்டார்ட் நிலைக்குத் திருப்ப வேண்டும். 15 விநாடிக்குள் பிடிக்காவிட்டால் செல்ப் மோட்டாருக்கு ஓய்வு கொடுத்து, மீண்டும் சூடேற்றி முயல வேண்டும்.

ஹீட்டர் பிளக்குகளைச் சோதிக்கும் முறை

பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பாட்டரியின் பாசிடிவ் முனையில் மாட்டி, மறு முனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொடுங்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பிளக்கின் கம்பி அறாமல் உள்ளது, எரியாவிட்டால் அறுந்துவிட்டது. மிகப் பழைய சுருள் பிளக்குகளில் மின்சாரம் உடலைத் தொடாமல் இரு முனைகளுக்கிடையே செல்லும். அவற்றில் ஒரு முனையை எர்த் செய்து மறு முனையைச் சோதிக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டரில் கோடு விழும். என்ஜினைச் சற்று ஓட்டிச் சூடாக்கிய பின், மரையில் மெல்லிய எண்ணெய் விட்டு ஊறவைத்து நிதானமாகத் திருகினால் பிளக் உடையாமல் வரும்.

கழற்றிய பிளக்கின் நுனியையும் கவனிக்க வேண்டும். நுனி உருகியிருந்தாலோ, ஒரே சிலிண்டரில் அடுத்தடுத்துப் பிளக் கருகினாலோ, குற்றம் பிளக்கில் இராது. அந்தச் சிலிண்டரின் நாசில் டீசலைத் தெளிக்காமல் ஒழுகவிடுகிறது. நாசிலைச் சோதனைப் பட்டறையில் சரிபார்த்த பின்பே புதுப் பிளக் போட வேண்டும். இல்லையேல் புதியதும் விரைவில் கருகும்.

திறன் கூட்டும் வழி

பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹீட்டர் பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் இருக்கும். ஒவ்வொரு பிளக்குக்கும் கிடைப்பது 2 வோல்ட்டுக்கும் குறைவே. பழைய காலத்துச் சர விளக்கைப் போல, இதில் ஒரு பிளக் அறுந்தால் எல்லாமே செயலிழக்கும். சூடேறவும் வெகு நேரமாகும்.

இதற்குப் பதிலாக, உறையிட்ட பென்சில் வடிவ 12 வோல்ட் பிளக்குகளைப் பக்க இணைப்பில் மாட்டலாம். ஒன்று அறுந்தாலும் மற்றவை வேலை செய்யும். 10 முதல் 20 விநாடியில் சூடாகிவிடும். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை:

1. எல்லாப் பிளக்குகளையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பழைய 2 வோல்ட் பிளக் ஒன்று 12 வோல்ட் இணைப்பில் நின்றால் நொடியில் கருகிவிடும்.

2. மரையின் அளவும் நுனியின் நீளமும் அந்த என்ஜினுக்கு உரியவையாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் நுனி உள்ளே இடித்து உடைந்து என்ஜினைக் கெடுக்கும்.

3. பழைய இணைப்பிலுள்ள மின்தடைச் சுருளை நீக்கிவிட வேண்டும்.

4. ஒரு பிளக் சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். நான்கு பிளக்குகளுக்கு 40 ஆம்பியர். தொடங்கும் நொடியில் இதைவிட அதிகம். இவ்வளவு மின்சாரமும் பழைய சாவி வழியாகப் பாயக்கூடாது. 70 ஆம்பியர் ரிலே ஒன்றை வைத்து, பாட்டரியிலிருந்து தடித்த வயரை பியூஸ் வழியாக ரிலேக்கும், அங்கிருந்து பிளக் பட்டைக்கும் கொண்டு செல்ல வேண்டும். சாவியிலிருந்து வரும் வயர் ரிலேயை இயக்க மட்டும் பயன்படும். பியூசைப் பாட்டரிக்கு அருகிலேயே வைக்க வேண்டும். வயர் எங்கேனும் உரசி எர்த் ஆனாலும் தீப்பிடிக்காது.

தெர்மோஸ்டார்ட் உள்ள டிராக்டருக்கும் ரிலே நன்மை தரும். அது இழுப்பது 12, 13 ஆம்பியர்தான் என்றாலும், தேய்ந்த சாவியில் வோல்டேஜ் வீணாவது தவிர்க்கப்படும். இந்த வேலைகளை அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் செய்துகொள்வது நல்லது. தொடங்குமுன் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும்.

செய்யக்கூடாதவை

ஹீட்டர் பழுதான நிலையில் கையாளப்படும் சில வழிகள் உயிருக்கே உலை வைப்பவை.

ஈதர் கலந்த 'ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே'யை ஹீட்டர் உள்ள என்ஜினில் அடிக்கக்கூடாது. ஈதர் 160 முதல் 180 டிகிரி சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கும். செந்தணலாக இருக்கும் ஹீட்டர்மீது அது பட்டால் மேனிபோல்டே வெடிக்கலாம், பிஸ்டன் உடையலாம். ஏர் கிளீனர் அருகே எரியும் துணியைக் காட்டுவதும், பெட்ரோல் நனைத்த துணியை வைப்பதும் இதே அளவு ஆபத்தானவை.

தரையில் நின்றுகொண்டு ஸ்பானரால் செல்ப் மோட்டார் முனைகளை இணைத்து ஸ்டார்ட் செய்வது இன்னும் கொடியது. கியர் விழுந்திருந்தால் என்ஜின் பிடித்த மறுகணமே டிராக்டர் நகரும். அவ்வாறு நிற்பவர் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் நிற்கிறார். விலக அவகாசம் இராது. அவசர வேலை எதுவாயினும், இருக்கையில் அமர்ந்து, கியரை நியூட்ரலில் வைத்து, பி.டி.ஓ. இணைப்பை விலக்கிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓட்டுநருக்கு மட்டுமல்லாமல், வண்டியைத் தொடும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

ஹீட்டரால் தீராத குறைகள்

நன்கு சூடேறிய என்ஜினை நண்பகலில் நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்தாலும் தடுமாறினால், குறை ஹீட்டரில் இல்லை. நாசில், பம்ப் டைமிங், வால்வு இடைவெளி, பிஸ்டன் வளையம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதி. முதலில் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து பாருங்கள். காலையில் மட்டும் வெள்ளைப் புகையுடன் தடுமாறி, பிறகு நாள் முழுவதும் நன்றாக ஓடும் என்ஜினுக்கே ஹீட்டர் சீரமைப்பு முழுப் பலன் தரும்.

ஐப்பசி மழை ஓய்ந்து பனி தொடங்கும் முன்பே, ஆண்டுக்கு ஒரு முறை, பாட்டரி, எர்த் பட்டை, ஹீட்டர் மூன்றையும் சோதித்து வைப்பது நல்லது. அரை நாள் வேலைதான். தை அறுவடையின்போது விடியற்காலையில் வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியிராது. டிராக்டர் இருக்கையில் அமர்ந்தபடியே, சாவி ஒன்றினால் பாதுகாப்பாகக் கிளம்பும்.