இருபத்தொன்றாம் பிரிவும் ஆசிரியர் சங்கங்களும்

மலாயாவில் 1952 முதல் 1961 வரை மூன்று கல்விச் சட்டங்கள் வந்தன. 1952, 1957, 1961 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த அவை மூன்றும், எந்த மொழியில் பாடம் நடத்துவது, எந்தப் பள்ளிக்கு அரசு பணம் கொடுப்பது, எந்த மொழியில் தேர்வு எழுதுவது என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல முயன்றன. மூன்றுக்கும் ஆசிரியர் சங்கங்கள் பதில் சொல்லின. ஆனால் அது ஒரே குரலாக இல்லை. சீன ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். மலாய் ஆசிரியர்கள் போதாது என்றார்கள். ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்கள் சம்பளத்தைப் பேசினார்கள். தமிழாசிரியர்களின் குரல்தான் மிகத் தாழ்ந்து கேட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஆளுக்கு ஆள் மாறும் துணிச்சல் அல்ல. யார் சம்பளம் கொடுத்தார்கள், யார் வீடு கொடுத்தார்கள் என்பதில்தான் அது இருந்தது.

பள்ளிகள் பிரிந்து கிடந்ததற்கே தொழில்தான் அடிப்படை. 1857-இல் அம்பாங்கில் ஈயம் தேட 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பப்பட்டார்கள். கோலாலம்பூர் உருவான கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈயத்தைச் சுற்றி வளர்ந்த சீனக் குடியிருப்புகள் தங்கள் பள்ளிகளைத் தாங்களே கட்டிக்கொண்டன. கடைக்காரர்களும் சுரங்க முதலாளிகளும் நன்கொடை கொடுத்தார்கள். அவர்களிலிருந்தே பள்ளி வாரியம் அமைந்தது. ஆசிரியரை நியமித்ததும் வாரியமே. ரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்ட முதலாளிக்கு அது சட்டம் சுமத்திய ஒரு செலவு, அவ்வளவுதான். மலாய்ப் பள்ளிகள் கம்பங்கள் எனப்படும் மலாய்க் கிராமங்களில் அரசுச் செலவில் நடந்தன. ஆங்கிலப் பள்ளிகள் நகரத்தில் இருந்தன; அரசு வேலைக்குப் போகும் வழி அவற்றின் ஊடாகத்தான் சென்றது.

1950-இல் பிரிட்டிஷ் அரசு ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பார்ன்ஸ் என்பவரின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. மலாய்க்காரர்களும் ஐரோப்பியர்களும் மட்டுமே இடம்பெற்ற குழு அது. 1951-இல் வந்த அதன் அறிக்கை, எல்லா இனப் பிள்ளைகளும் ஒரே தேசியப் பள்ளியில் மலாய், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் படிக்க வேண்டும் என்றது. சீனப் பள்ளி, தமிழ்ப்பள்ளி என்ற ஏற்பாடு படிப்படியாக இல்லாமல் போகும் என்பதே அதன் பொருள். சீனர்களின் எதிர்ப்புக்குப் பின் ஃபென், வூ என்ற இருவர் தயாரித்த இன்னோர் அறிக்கை அதே ஆண்டில் வந்தது; சீனப் பள்ளிகள் நீடிக்கலாம் என்றது அது. அரசு 1952-இல் இயற்றிய சட்டம் பெரும்பாலும் பார்ன்ஸ் பக்கமே சாய்ந்தது. ஒரு வகுப்பில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் சீனமோ தமிழோ ஒரு பாடமாகச் சொல்லித் தரப்படும் என்ற சலுகை மட்டும் சேர்ந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலப் போர்ச் செலவு ஒருபுறம், கொரியப் போருக்குப் பின் ரப்பர், ஈயம் இரண்டின் விலை விழுந்தது மறுபுறம் என்று பணமின்றி அந்தச் சட்டம் பாதிக்கும் மேல் காகிதத்திலேயே நின்றுபோனது.

சீன ஆசிரியர்கள் காத்திருக்கவில்லை. 1951 டிசம்பர் 25 அன்று மாநிலவாரியாக இருந்த சங்கங்கள் ஒன்றுகூடி, ஜியாவ் சோங் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சீனப் பள்ளி ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பைத் தொடங்கின. பள்ளி வாரியங்களின் கூட்டமைப்பான டோங் சோங் 1954-இல் வந்தது. ஆசிரியரும் முதலாளியும் தனித்தனி அமைப்புகளாக இருந்தும் ஒரே மேசையில் உட்கார்ந்தது மற்ற சமூகங்களில் நடக்காத ஒன்று. இன்றுவரை இரண்டையும் சேர்த்து டோங் ஜியாவ் சோங் என்றே சொல்கிறார்கள். 1953 முதல் 1961 வரை ஜியாவ் சோங்கின் தலைவராக இருந்தவர் லிம் லியன் கியோக். கோலாலம்பூரின் கன்ஃபூசியஸ் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

அவருடைய சங்கம் தேர்தல் அரசியலையும் பயன்படுத்தியது. 1955 ஜனவரியில் மலாக்காவில் மலாயா சீனர் சங்கத்தின் டான் செங் லோக்கின் வீட்டில் அம்னோ தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானும் சீனக் கல்வியாளர்களும் சந்தித்தார்கள். சீனத்தையும் ஆட்சிமொழியாக்கக் கேட்கும் கோரிக்கையைத் தேர்தல் முடியும்வரை எழுப்புவதில்லை என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். இவ்விரு கட்சிகளும் இருந்த கூட்டணி ஆட்சிக்கு வந்தால் 1952 சட்டம் மறுபரிசீலனை செய்யப்படும் என்பது அதற்கு ஈடு. ஜூலைத் தேர்தலில் 52 இடங்களில் 51-ஐக் கூட்டணி வென்றது. கல்வி அமைச்சர் அப்துல் ரசாக் தலைமையில் உடனே குழு அமைந்தது. 1956-இல் ரசாக் அறிக்கை வந்தது.

இங்கேதான் சட்ட வாசகத்தின் மதிப்பு தெரிகிறது. எல்லாப் பள்ளிகளிலும் தேசிய மொழியே பயிற்றுமொழியாவதுதான் இறுதி நோக்கம் என்று ரசாக் அறிக்கை சொன்னது. லிம் லியன் கியோக் அந்த ஒரு தொடரைப் பிடித்துக்கொண்டார். அமைச்சரைச் சந்தித்துப் பேசிய பின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தொடர் இடம்பெறவில்லை. மாறாக, அதன் மூன்றாம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக்குவதோடு மற்ற இனத்தாரின் மொழியையும் பண்பாட்டையும் பேணி வளர்ப்பதும் அரசின் கொள்கை என்றது. தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு அமைப்பினுள் சட்டப்படி இடம் கிடைத்தது. பொதுவான பாடத்திட்டம், அரசு மானியம், ஒருங்கிணைந்த ஆசிரியர் பணி ஆகியவை அதனுடன் வந்தன. சங்கம் முழு மனதோடு வரவேற்காவிட்டாலும் ஏற்றுக்கொண்டது.

நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1960-இல் ரஹ்மான் தாலிப் குழு ரசாக் கொள்கையை மறுபார்வை செய்தது. தொடக்கக் கல்வி இலவசம் என்பது எல்லாரும் வரவேற்ற பகுதி. பொதுத் தேர்வுகள் மலாய், ஆங்கிலம் ஆகியவற்றில் மட்டுமே நடக்கும், மானியம் வேண்டுமானால் இடைநிலைப்பள்ளியின் பயிற்றுமொழியும் இவை இரண்டில் ஒன்றாக மாற வேண்டும் என்பது கசந்த பகுதி. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இதை எழுத்தில் வைத்தது. 1957-இல் போராடிப் பெற்ற, பிற மொழிகளைப் பேணும் வாசகம் புதிய சட்டத்தின் கொள்கைப் பகுதியில் இல்லை. இருபத்தொன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தகுந்த நேரம் வந்துவிட்டதென்று அமைச்சர் கருதினால் தேசிய வகைத் தொடக்கப் பள்ளி என்று பெயரிடப்பட்ட தமிழ், சீனப் பள்ளிகளில் ஒன்றை மலாய்வழித் தேசியப் பள்ளியாக மாற்ற உத்தரவிடலாம் என்றது. மறுபடி நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை, பெற்றோரைக் கேட்க வேண்டியதில்லை. அமைச்சரின் ஒரு கையெழுத்து போதும். ஒரு சட்டம் எதை உடனே செய்கிறது என்பதைவிட, யாருக்கு என்ன அதிகாரத்தை எழுதி வைக்கிறது என்பதுதான் ஆபத்தானது என்று சீன ஆசிரியர்கள் அன்று கணித்தது சரியான கணிப்பே.

விலை கடுமையாக இருந்தது. 1961 ஆகஸ்ட்டில் லிம் லியன் கியோக்கின் குடியுரிமையைப் பறிக்க அரசு அறிவிப்பு அனுப்பியது. கல்விக் கொள்கையை வேண்டுமென்றே திரித்துச் சொன்னார், அரசின் மீது வெறுப்பைத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. ஆசிரியர் பதிவும் ரத்தாகி, வகுப்பறைக்குள் நுழையும் உரிமை போனது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1964-இல் தோற்றது. 1985 டிசம்பர் 18 அன்று அவர் இறக்கும்போது எந்த நாட்டின் குடிமகனாகவும் இல்லை. சீன இடைநிலைப்பள்ளிகளில் பலவும் மானியத்துக்காகப் பயிற்றுமொழியை மாற்றிக்கொண்டன. மறுத்தவை தனியார் சீனப் பள்ளிகளாகத் தனித்து நின்றன. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ அறுபது இருக்கின்றன. அன்று போலவே சமூகத்தின் நன்கொடையில்தான் அவை நடக்கின்றன.

தமிழாசிரியரின் கதைக்கு வந்தால், முதலில் தோட்டத்துப் பள்ளியைப் பார்க்க வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் ஒரே கூடம். ஒரு மூலையில் முதல் வகுப்பு, மறு மூலையில் ஆறாம் வகுப்பு. ஒரு வாத்தியார் கரும்பலகையை இரண்டாகக் கோடிட்டுப் பிரித்துக்கொண்டு இரு பக்கமும் பாடம் நடத்துவார். தொடக்க காலத்தில் சில இடங்களில் கங்காணி என்ற மேற்பார்வையாளரோ கிராணி என்ற எழுத்தரோதான் வாத்தியார். அவர் குடியிருந்த வீடு தோட்டத்தின் வீடு. அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போகும் ஆஸ்பத்திரியும் தோட்டத்துடையது. தோட்ட நிர்வாகியான துரையோடு முறைத்துக்கொண்டவர் வேலையோடு சேர்த்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்தது. பள்ளிக்கென்று நன்கொடை திரட்டும் வியாபாரி வர்க்கமும் தோட்டத்துக்குள் கிடையாது. நகரத்தில் நிலைமை சற்று மேல். பிரிக்ஃபீல்ட்ஸில் 1904-இல் தொடங்கிய விவேகானந்தர் ஆசிரமம் பள்ளி நடத்தியது போல, சில இடங்களில் சமூகம் கைகொடுத்தது. ஆனால் பெரும்பான்மை தோட்டப்புறத்தில்தான் இருந்தது.

அதனால் 1957 சட்டம் தமிழாசிரியருக்கு ஒரு விடுதலையாகவும் வந்தது என்பதை மறக்கக் கூடாது. சம்பளம் துரையின் கையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. பயிற்சி, பதவிநிலை, ஓய்வூதியம் என்ற சொற்கள் தோட்டத்து வாத்தியாரின் வாழ்க்கைக்குள் வந்தன. சீன ஆசிரியருக்கு அரசு மானியம் ஒரு தூண்டில். தமிழாசிரியருக்கு அதுவே கரை. அதே சட்டத்தை இருவரும் வேறு வேறாகப் படித்ததில் வியப்பில்லை. தேர்வு மொழிப் பிரச்சினையும் தமிழரை அதே அளவில் தொடவில்லை, ஏனென்றால் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்து மொழி மாறியே மேலே போனது. பலர் அந்த ஓராண்டிலேயே நின்றும் போனார்கள்.

இருபத்தொன்றாம் பிரிவு குறித்த அச்சம் தமிழ்ப்பள்ளிக்கும் பொதுவானது. ஆனால் சுதந்திரத்தின்போது 888 என்று சொல்லப்படும் தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-ஐ ஒட்டி நிற்பதற்கு அந்தப் பிரிவு காரணமல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும், மேம்பாட்டாளர்கள் கைக்கு நிலம் போனதும், குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம் பக்கம் இடம்பெயர்ந்ததும்தான் காரணம். இதை எந்த மசோதாவும் கொண்டுவரவில்லை, ஆகவே எந்தச் சங்கமும் எதிர்த்து மகஜர் கொடுக்க ஒரு வாசகம் கிடைக்கவில்லை. நிலம் தோட்டத்துடையதாக இருந்ததால் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன; ஆசிரியர் சம்பளம் அரசுடையது, கூரை ஒழுகினால் யாருடையது என்ற கேள்வி பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மலாய் ஆசிரியர்கள் அம்னோ கட்சியின் முதுகெலும்பாக இருந்தவர்கள். சீனர்கள் மிகையென்று கண்டதை அவர்கள் தாமதமென்று கண்டார்கள்; மலாய்வழி இடைநிலைக் கல்விக்காகத் தங்கள் கட்சியையே நெருக்கினார்கள். ஆங்கிலப் பள்ளி ஆசிரியர்களின் தேசிய ஆசிரியர் சங்கத்தில் எல்லா இனத்தாரும் இருந்ததால் மொழிப் பிரச்சினையைத் தொடாமல், பெண் ஆசிரியருக்குச் சம ஊதியம், பணி நிபந்தனை என்று பேசினார்கள். 1967-இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1974-இல் உருவான, இன்று நாட்டின் மிகப் பெரிய ஆசிரியர் தொழிற்சங்கமான என்.யு.டி.பி.

இருபத்தொன்றாம் பிரிவு 35 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தது. இடையில், 1987-இல் சீனக் கல்வி பெறாதவர்களைச் சீனப் பள்ளி நிர்வாகப் பதவிகளில் அமர்த்தியதை எதிர்த்து அக்டோபர் 11 அன்று கோலாலம்பூர் தியன் ஹூ கோவிலில் பெருங்கூட்டம் கூடியது. அம்மாத இறுதியில் காவல்துறை தொடங்கிய, லாலாங் எனப் பெயரிட்ட கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஜியாவ் சோங் தலைவர் சிம் மோ யூவும் அவர்களில் ஒருவர். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பழைய சட்டத்தை நீக்கியபோது அந்த உட்பிரிவு மறைந்தது. 15 பிள்ளைகள் என்ற 1952-ஆம் ஆண்டுக் கணக்கு மட்டும் தாய்மொழிப் பாடத்துக்கான நிபந்தனையாகப் புதிய சட்டத்திலும் தொடர்ந்தது.

இன்று சங்கம் பதில் சொல்லும் முறையே வேறு. அரசு ஊழியரான ஆசிரியர், 1993-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, அரசுக் கொள்கை பற்றி அனுமதியின்றிப் பொதுவில் கருத்துச் சொல்ல முடியாது. அதனால் அவருக்காகச் சங்கத் தலைவர் பேசுகிறார். 1967 தொழில் உறவுச் சட்டத்தின் பெரும்பகுதி அரசு ஊழியருக்குப் பொருந்தாததால் கூட்டு ஒப்பந்தப் பேரம் என்பதும் இல்லை. மசோதா முதல் வாசிப்புக்கு வந்தபின் இரண்டாம் வாசிப்பு விவாதத்துக்குச் சில நாட்களே இருக்கலாம். ஆகவே வரைவு நிலையிலேயே அமைச்சோடு பேசி முடிப்பதுதான் நடைமுறை.

பேச்சில் தீராதது நீதிமன்றத்துக்குப் போகிறது. தமிழ், சீனப் பள்ளிகளின் பயிற்றுமொழி அரசியலமைப்புக்கு முரண் என்ற வழக்குகளில் மனுதாரர்களில் ஒன்று முஸ்லிம் ஆசிரியர் அமைப்பான ஐ-குரு. எதிர்த்து நின்றவற்றில் ஒன்று ஜியாவ் சோங். ஆசிரியர் அமைப்பே ஆசிரியர் அமைப்புக்கு எதிராக நின்ற வழக்குகள் இவை. 2021 டிசம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் இப்பள்ளிகள் செல்லும் என்றது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதையே உறுதி செய்தது. 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் மேலும் முறையிட அனுமதி மறுத்தது.

2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்விச் சட்டத் திருத்தம் மொழியைத் தொடவில்லை. 2003 முதல் தொடக்கப் பள்ளிக்கு இருந்த கட்டாயக் கல்வியை இடைநிலைப்பள்ளிக்கும் நீட்டியது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பாதியில் நின்ற பிள்ளையைத் தேடிப் போவது யார், அதற்கான பதிவேட்டை எந்த ஆசிரியர் நிரப்புவது, வகுப்பில் நாற்பதுக்கு மேல் சேர்ந்தால் என்ன செய்வது என்பவை சட்டத்தில் இல்லை. அவை வரவுசெலவுத் திட்டத்திலும் அமைச்சின் சுற்றறிக்கைகளிலும் முடிவாகின்றன. சங்கங்களின் பேச்சுவார்த்தையில் பெரும்பகுதி இப்போது அங்கேதான் நடக்கிறது.