ரெய்டு பெட்டி பழுதானால் பதற வேண்டாம்



மழைக்காலத்தில் நம் ஏற்காட்டில் இடியும் மின்தடையும் வழக்கம். கணினிகள் பழுதாவதும் அப்போதுதான் அதிகம். நிக்காஹ் பதிவு, ஜகாத் கணக்கு, எஸ்டேட் கணக்கு, ஸ்டுடியோ படங்கள் எல்லாம் இன்று கணினியில்தான் உள்ளன. பாதுகாப்புக்காகச் சிலர் பல ஹார்டு டிஸ்க்குகளை இணைத்த ‘ரெய்டு’ பெட்டி வைத்திருக்கிறார்கள்.

1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் தங்கள் கட்டுரையில் இம்முறைக்கு இப்பெயரிட்டனர். இதில் பல வகை உண்டு. ‘ரெய்டு 5’ வகையை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: ஒரு டிஸ்க்கில் 5, அடுத்ததில் 3, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 8. எந்த ஒன்று போனாலும் மற்ற இரண்டிலிருந்து அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

எந்தத் துண்டு எந்த டிஸ்க்கில் என்பதைக் கவனிப்பது கன்ட்ரோலர் கார்டு. அது பழுதானால் டிஸ்க்குகள் வெறுமையாகத் தோன்றும். ஆனால் தகவல் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அப்போது செய்ய வேண்டியவை:

1. மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வொரு டிஸ்க்கிலும் அது இருந்த இடத்தின் எண்ணை ஒட்டுங்கள்.

2. ‘இனிஷியலைஸ்’, ‘ஃபார்மட்’, ‘ரீபில்டு’ என்று திரை கேட்டால் சம்மதிக்காதீர்கள். மீட்க முடியாமல் போவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

3. டிஸ்க்குகளைச் சாதாரண இணைப்பில் வேறு கணினியில் மாட்டி, ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளால் ஒவ்வொன்றையும் முழுமையாகப் பிரதி எடுங்கள். பிறகு வேலை பிரதியில் மட்டுமே.

4. லினக்ஸின் ‘எம்டிஅட்ம்’ சில கன்ட்ரோலர்களின் அமைப்பைத் தானே அடையாளம் காணும். இல்லையெனில் ‘ஆர்-ஸ்டுடியோ’, ‘யூஎஃப்எஸ் எக்ஸ்புளோரர்’ போன்றவை டிஸ்க் வரிசையையும் துண்டின் அளவையும் கண்டறிய உதவும்.

5. பெரிய படம் அல்லது வீடியோவைத் திறந்து சோதியுங்கள். சிறிய கோப்பு ஒரே துண்டில் அடங்கிவிடுவதால், வரிசை தவறாக இருந்தாலும் திறந்துவிடும்.

டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தம் வந்தாலோ, ரெய்டு 5இல் இரண்டு டிஸ்க்குகள் செயலிழந்தாலோ நிறுத்திவிட்டு, மீட்புக் கூடத்தை அணுகுங்கள். பிறருடைய விவரங்கள் நம்மிடம் உள்ள அமானிதம். எழுத்துப்பூர்வ ரசீது இல்லாமல் டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

ரெய்டு இருந்தாலும் தனிப் பிரதி அவசியம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையம் தீப்பிடித்தது. வேறிடத்தில் பிரதி இல்லாததால் 858 டெராபைட் அரசுக் கோப்புகள் அழிந்தன. மாதம் ஒருமுறை ஒரு பிரதி எடுத்து, மலைக்குக் கீழே சேலத்தில் நம்பிக்கையான உறவினர் வீட்டில் வையுங்கள்.

அல்லாஹ் நம் அமானிதங்களைப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவானாக.

— செயலாளர்